நுரையில எது போவுது

யுரேனியப் பாறையில வேண்டாத தாது கிடந்தா நுரையில ஏத்தி வெளிய தள்ளு, மிச்சத்தை ஆசிட்டுல போட்டு கரை, அவ்வளவுதான். இந்தப் பாடத்தை நான் எத்தனையோ பேட்சுக்கு மூச்சு விடாம எடுத்திருக்கேன். புஸ்தகத்துல அதுக்கு அரைப் பக்கம்தான். ஒரு தொட்டி, நடுவுல சுத்துற விசிறி, மேல நுரை, பக்கத்துல ரெண்டு அம்புக்குறி, படம் முடிஞ்சுது. யுரேனியம்னு சொன்னதும் பிள்ளைங்க நிமிந்து உக்காரும், சுண்ணாம்புக்கல்லுன்னதும் திரும்ப பெஞ்சுல சாஞ்சிரும். ஆனா அந்த வேலையில பாதிச் சண்டை சுண்ணாம்போடயும் பைரைட்டோடயும்தான், யுரேனியத்தோட இல்ல. அது தெரிஞ்சும் நான் அந்த அரைப் பக்கத்தை அரைப் பக்கமாவே நடத்திட்டு இருந்தேன், ஏன்னா சிலபஸ் அவ்வளவுதான் கேக்குது.

எங்க மாமாதான் குழப்பி விட்டாரு. அம்மைக்கு நேர் இளையவரு, கடலோர மணல் ஆலையில டேபிள் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. தண்ணியோட மணல் ஓடுற ஆட்டு மேசை முன்னால நின்னுட்டு, தேன் நிறத்துல மோனசைட்டு, அதாவது தோரியம் உள்ள தாது, எந்த கோட்டுல ஒதுங்குது, வெள்ளை எங்க வழியுதுன்னு கண்ணாலயே பாத்து வெட்டுக்கட்டையை அரை விரல் நகத்துறதுதான் அவருக்க வேலை. கெமிஸ்ட்ரி படிச்சதில்ல. ஆனா மணலைக் கையில வாங்கி கட்டைவிரலால தேச்சுப் பாத்து இதுல இன்னது இருக்குன்னு சொல்லுவாரு, பெரும்பாலும் சரியா இருக்கும்.

திங்கள்சந்தை பக்கம் ஒரு கல்யாண வீட்டுல பந்திக்கு இடம் கிடைக்காம வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தோம். கிள்ளியூர் தாலுகாவுல 1144 ஹெக்டேர் மணல் எடுக்கப் போறாங்கங்கிற பேச்சு ஊரு முழுக்க ஓடிட்டு இருந்த நேரம், அங்கயும் அதே பேச்சுதான், ஆளுக்கொரு பக்கம் கத்திட்டு இருந்தாங்க. நான் வாத்தியார் இல்லியா, சும்மா இருக்க முடியுமா, யுரேனியம் எப்படி எடுக்காங்கன்னு ஆரம்பிச்சு நுரை மிதப்பு வரைக்கும் போயிட்டேன். மாமா முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "லேய் மக்கா, அந்த நுரைக்குள்ள சாமானமும் சேந்து போவாதுங்கதுக்கு என்னலே உறுதி? நீ போய் நோண்டிப் பாத்தியா?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. பந்திக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டோம். ஆனா கேள்வி போவல.

ஆசிட்டைக் குடிக்கிறது யாரு

மொதல்ல எதுக்கு இந்த நுரை வேலைன்னு சொல்லிருதேன். ஒரு டன் பாறையில யுரேனியம் 0.05 சதவீதம் இருக்குன்னு வைங்க, அரைக் கிலோ. இந்த அரைக் கிலோவைக் கரைக்க சல்ஃப்யூரிக் ஆசிட்டு ஊத்தணும். அதே டன்னுல 10 சதவீதம் கால்சைட்டு, அதாவது சுண்ணாம்புக்கல் தாது, கிடந்துதுன்னா அந்த 100 கிலோ கால்சைட்டு மட்டும் 98 கிலோ ஆசிட்டைக் குடிச்சிரும். குடிச்சிட்டு சும்மா இருக்கா, ஜிப்சமா மாறி பைப்புலயும் ஃபில்டர் துணியிலயும் படிஞ்சு இன்னொரு தலைவலி. அரைக் கிலோ சாமானத்துக்காக ஒரு குவிண்டால் ஆசிட்டை வேற யாருக்கோ ஊத்துறோம். அதனாலதான் ஆசிட்டுக்கு முன்னாலயே கால்சைட்டைக் கழிச்சிருவோம்னு யோசனை வருது.

கழிக்கிறது இப்படித்தான். பாறையை மாவா அரைச்சு தண்ணியில கலக்கி, ஒலீக் ஆசிட்டு மாதிரி கொழுப்பு அமிலம் கொஞ்சமா விடணும். சோப்புல இருக்கற அதே குடும்பம்தான். அது கால்சைட்டு துகள் மேல போய் ஒட்டி, தண்ணி ஒட்டாத சட்டை போட்டு விட்டிரும். சிலிக்கா, அதாவது குவார்ட்சு, மேல ஒட்டிரப்படாதுன்னு சோடியம் சிலிகேட்டும் சேப்பாங்க. அடியில இருந்து காத்து விட்டா, சட்டை போட்ட துகள் குமிழியைப் பிடிச்சுட்டு மேல வரும், துடுப்பு நுரையை வழிச்சுத் தள்ளும், யுரேனியமும் குவார்ட்சும் கீழ நிக்கும். செம்பு எடுக்கற இடத்துல வேண்டியது மேல வரும், வேண்டாதது கீழ போவும், இங்க தலைகீழ். வேண்டாததை மிதக்க விட்டு வேண்டியதை அடியில விடுறோம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு.

அங்க பகையாளி, இங்க பங்காளி

ஆசிட்டே வேண்டாம், காரத்துல கரைப்போம்னா என்னாவும்? ஆந்திராவுல கடப்பா பக்கம் தும்மலப்பள்ளியில அப்படித்தான். அங்க யுரேனியத்தைச் சுமக்கற பாறையே டோலமைட்டு வகை, அதாவது முக்காலும் கார்பனேட்டு. அதை நுரைச்சுக் கழிக்கணும்னா மலையையே நுரைக்கணும், நடக்கிற காரியமா? அதனால சோடியம் கார்பனேட்டு, பைகார்பனேட்டு கரைசல்ல, அழுத்தமும் சூடும் ஆக்சிஜனும் குடுத்து கரைக்காங்க. கார்பனேட்டுப் பாறை அந்தக் கரைசலைச் சீண்டவே செய்யாது. ஆசிட்டுல வில்லனா நின்ன ஆளு இங்க ஓரமா கை கட்டி நிக்கான்.

ஆனா அங்க வேற ஒரு ஆளு எந்திரிச்சு வாறான், பைரைட்டு. இரும்பும் கந்தகமும் சேந்த, பித்தளை மாதிரி மினுங்குற தாது. அந்தச் சூட்டுலயும் ஆக்சிஜன்லயும் அது உடைஞ்சு சல்ஃப்யூரிக் ஆசிட்டை விடும், அந்த ஆசிட்டு நாம காசு குடுத்து வாங்கி ஊத்தின சோடியம் கார்பனேட்டைத் தின்னும். கணக்கு போட்டா ஒரு கிலோ பைரைட்டு சுமார் மூணரை கிலோ கார்பனேட்டை பைகார்பனேட்டா மாத்தி, கூடவே சோடியம் சல்ஃபேட்டையும் கரைசல்ல சேத்துட்டே போவும். அதனால காரத்துல கரைக்கப் போற பாறையில பைரைட்டை முதல்ல நுரைச்சு எடுத்துரலாம்னு சொல்லுவாங்க. ஸாந்தேட்டுன்னு ஒரு கெமிக்கல், கிட்ட போனா அழுகின முட்டைக்கோசு நாத்தம், கொஞ்சம் விட்டா போதும், பைரைட்டு ஓடி வந்து நுரையில ஏறும்.

இப்போ தென்னாப்பிரிக்காவுக்கு வாங்க. விட்வாட்டர்ஸ்ராண்டுல தங்கமும் யுரேனியமும் ஒரே பாறையில கிடக்கு, பைரைட்டும் கிடக்கு. அங்கயும் பைரைட்டை நுரைச்சு எடுத்தாங்க, ஆனா வீசுறதுக்கு இல்ல. அதை வறுத்து, வர்ற புகையில சல்ஃப்யூரிக் ஆசிட்டு செஞ்சு, அந்த ஆசிட்டுலயே யுரேனியத்தைக் கரைச்சாங்க. இது போக, ஆசிட்டுல கரைக்கும்போது யுரேனியத்தை ஆக்சிடைஸ் பண்ண ஃபெரிக் இரும்பு வேணும், பாறையில கிடக்கற இரும்புத் தாதுல இருந்தே அதுல ஒரு பங்கு வந்துரும். ஆக தும்மலப்பள்ளியில கார்பனேட்டைத் திங்குற அதே பைரைட்டு அங்க ஆசிட்டு சப்ளையர்.

ஜார்க்கண்டுல இன்னொரு கூத்து. 1960-கள் கடைசியில தொடங்கின ஜாதுகுடா ஆலைதான் நம்ம நாட்டுல முதல் யுரேனிய ஆலை, அங்க ஆசிட்டுதான். யுரேனியத்தோட கிடந்த செம்பு, நிக்கல், மாலிப்டினம் சல்ஃபைடுகளை நுரைச்சு துணைப் பொருளா எடுத்திருக்காங்க. அதே தாதுப் பட்டையில, சிங்பூம்னு பேரு, முசாபானி பக்கம் செம்பு ஆலை, அவங்களுக்கு வேண்டியது செம்பு. செம்பை நுரைச்சு எடுத்துட்டு மிச்சத்தைக் கழிவுன்னு தள்ளுவாங்க. அந்தக் கழிவை வாங்கி, எங்க மாமா பாத்த மாதிரி ஆட்டு மேசையில ஓட விட்டு, யுரேனியம் உள்ள பங்கைப் பிரிச்சு ஜாதுகுடாவுக்கு அனுப்பினாங்க. ஒருத்தன் கழிவு ரோடு தாண்டினா இன்னொருத்தன் சரக்கு. ஆஸ்திரேலியாவுல ஒலிம்பிக் டேம்லயும் கதை இதுதான், செம்பு நுரையில போவும், யுரேனியம் பெரும்பாலும் அடியில நிக்கும், அதை ஆசிட்டுல கரைப்பாங்க.

இதுக்கு இவ்வளவு தூரம் ஏன் போணும், நம்ம மணவாளக்குறிச்சியே போதும். 1909-ல ஷோம்பர்க்குன்னு ஒரு ஜெர்மன்காரர் இங்கத்த மணல்ல மோனசைட்டு இருக்கதைக் கண்டுபிடிச்சாரு. இங்க இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணல்தான் காட்டிக் குடுத்துதுன்னு சொல்லுவாங்க. அப்போ மோனசைட்டு எதுக்குன்னா காஸ் லைட்டு மேன்டிலுக்கு தோரியம் வேணும். அந்தக் காலத்துல நம்ம கருமணலை கருப்பாக்குற இல்மனைட்டு யாருக்கும் வேண்டாத சாமானம், மோனசைட்டை எடுத்துட்டு அதை ஒதுக்கி விட்டாங்க. பொறவு கரண்டு லைட்டு வந்து மேன்டில் வியாபாரம் படுத்துது, வெள்ளைப் பெயிண்டுக்கு டைட்டானியம் வேணும்னு உலகம் அலைஞ்சுது, இல்மனைட்டு ராஜாவாச்சு. 1950-ல இந்தியன் ரேர் எர்த்ஸ்ங்கற அரசுக் கம்பெனி வந்த பொறவு மோனசைட்டு அணுசக்திக் கணக்குல போயி, தனியாரு தொடவே கூடாதுன்னு ஆச்சு. மணல் ஒண்ணுதான், அலையும் அதே அலைதான்.

ஒரு வயித்தெரிச்சலும் சொல்லிருதேன். நம்ம மோனசைட்டுல யுரேனியம் ஆக்சைடு சுமார் 0.35 சதவீதம் இருக்கு. சதவீதத்துல பாத்தா ஜாதுகுடா பாறையையும் தும்மலப்பள்ளி பாறையையும் விட பல மடங்கு. ஆனா மணல்ல மோனசைட்டே கொஞ்சம்தான், அதுவும் சாதா ஆசிட்டுக்கு மசியாது, காஸ்டிக் சோடாவுல சூடு காட்டி உடைக்கணும், கேரளத்துல ஆலுவாவுல அப்படித்தான் செஞ்சாங்க. மணலைப் பிரிக்க பெரும்பாலும் காந்தமும் மின்சாரமும் கனமும்தான், நுரை வேலை இங்கத்த மணலுக்கு அதிகம் கிடையாது. சவறாவுல சில்லிமனைட்டு எடுக்க மட்டும் நுரைக்காங்க. அதனால வாட்ஸப்புல ஒருத்தர் "மணவாளக்குறிச்சியில யுரேனியத்தை நுரைச்சு எடுக்கான்"னு ஃபார்வர்டு பண்ணினா நம்பாதீங்க மக்களே.

விரல்ல ஒட்டின கருப்பு

மாமா கேட்ட கேள்விக்கு வாய்ல பதில் சொல்லுறதை விட காட்டிரலாம்னு ஒரு நாள் லேபுக்குக் கூட்டிட்டு வந்தேன். யுரேனியத் தாதுவை எங்க லேப்ல வச்சு விளையாட முடியாது, வச்சா என்னைத்தான் கழிச்சு விடுவாங்க. அதனால வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மாவு, குவார்ட்சு மாவு, அதோட மாவா அரைச்ச இல்மனைட்டு கொஞ்சம். இல்மனைட்டு கருப்பு, யுரேனியத்துக்கு பதிலா நிக்கட்டும், வெள்ளை நுரையில கருப்பு வந்தா கண்ணுக்கே தெரியும்னு கணக்கு. ஒலீக் ஆசிட்டு இல்மனைட்டு மேலயும் ஒட்டும்னு தெரிஞ்சேதான் வச்சேன், ஏன்னா யுரேனியத் தாது மேலயும் அது ஒட்டக் கூடியதுதான். யோக்கியமான டெஸ்ட்னா அப்படித்தான் இருக்கணும்.

மொதல்ல காலேஜ் போர் தண்ணி. எங்க பக்கம் தண்ணி கடின நீர், ஒலீக் ஆசிட்டு விட்ட ஒடனே தண்ணியில இருந்த கால்சியமே அதைப் பிடிச்சுக்கிட்டு சோப்புத் திட்டு திட்டா ஒதுங்கிருச்சு, நுரை சொத்தையா வந்துது. மாமா "எங்க வீட்டுல துணி துவைக்கதும் இப்படித்தான்லே"ன்னாரு. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்ததை மாத்தி ஊத்தி, சோடா ஆஷ் போட்டு பி.ஹெச். ஒன்பது கிட்ட கொண்டு வந்து, சோடியம் சிலிகேட்டு விட்டு, பொறவு ஒலீக் ஆசிட்டு. விசிறி சுத்த, வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சாம்பல் தண்ணி கொந்தளிச்சுது, அப்புறம் மெல்ல மேல ஒரு கனத்த நுரை ஏறி வந்துது, குமிழி ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளைப் பொடி பூசினாப்ல. துடுப்பு வழிக்க வழிக்க தட்டுல விழுந்துது. பிள்ளைங்க போனைத் தூக்கி வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. நானும் கொஞ்சம் பெருமையாத்தான் நின்னேன்.

மாமா தட்டு கிட்ட குனிஞ்சாரு. ரெண்டு விரலால நுரையை எடுத்து கட்டைவிரலால தேச்சாரு, குமிழி உடைஞ்சு தண்ணி வழிஞ்சு போச்சு, விரல் ரேகைக்குள்ள கருப்புப் பொடி. என் மூக்குக்கு நேரா நீட்டி "இது யாரு?"ன்னாரு.

நான் வாஷ் பாட்டிலை எடுத்து அடுத்து வந்த நுரை மேல மெதுவா தண்ணி தெளிச்சேன், நுரை உடையாம. கொஞ்ச நேரத்துல நுரை வெளுத்துது. மாமா மறுபடி எடுத்துத் தேச்சாரு. கருப்பு குறைஞ்சிருந்துது, ஆனா போவல. இந்த இடத்துலதான் எனக்கு அந்த அரைப் பக்கத்துல என்ன விட்டுப் போச்சுன்னு பிடிபட்டுது. நுரையில போற சாமானம் ரெண்டு வகை. ஒண்ணு, குமிழியோட எந்த ஒட்டும் உறவும் இல்லாம, குமிழிக்கு நடுவுல இருக்கற தண்ணியில மாட்டிக்கிட்டு மேல போறது. மாமாவே சொன்னாரு, "சோறு வடிக்கும்போ கஞ்சியோட பருக்கை போவுமே, அது மாதிரி"ன்னு. துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு போவும். மேல தண்ணி தெளிச்சா திரும்ப கீழ இறங்கும். ரெண்டாவது வகை, நிஜமாவே சோப்பு ஒட்டி, சட்டை போட்டுக்கிட்டு, குமிழியைப் பிடிச்சுட்டுப் போறது. அதுக்கு எத்தனை தண்ணி தெளிச்சாலும் நடக்காது, கெமிக்கலை மாத்தணும், இல்ல அந்த வேலையையே விடணும்.

மூணாவதும் உண்டு, அது அன்னைக்கு லேப்ல காட்ட முடியல. துகளே பிரியாம, பாதி பைரைட்டு பாதி யுரேனியத் தாதுன்னு ஒரே மணியில ஒட்டிக் கிடக்கறது. தும்மலப்பள்ளி பாறையில யுரேனியத் தாது ரொம்பப் பொடி, பைரைட்டை ஒட்டியும் கிடக்கும். பைரைட்டை மேல ஏத்தினா கூடவே அதுவும் ஏறும். இன்னும் பொடியா அரைச்சா பிரியும், ஆனா பொடியா அரைச்சா முதல் வகை கூடும். அந்தப் பக்கம் போனா பள்ளம், இந்தப் பக்கம் வந்தா குழி. மாமா இதைக் கேட்டுட்டு, "சவத்த, மேசையிலயும் இதே சீண்டறம்தாம்லே, பொடி எல்லாம் தண்ணியோட ஓடிரும்"னாரு. அவரு ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியல, சாயா குடிக்கப் போயிட்டாரு.

போர்டுல இப்போ

இப்போ அந்தப் பாடத்துக்கு தொட்டி படம் கடைசியிலதான். மொதல்ல ஒரு கணக்கு, எண்ணெல்லாம் நானா வச்சதுதான். 100 டன் பாறை, யுரேனியம் 0.05 சதவீதம், ஆக 50 கிலோ. கால்சைட்டு 12 டன். நுரைச்சதுல 12 டன் சரக்கு மேல போச்சு, அதுல 10 டன் கால்சைட்டு, மிச்சம் கூடப் போன மத்தது. நுரையை அனலைஸ் பண்ணினா யுரேனியம் 0.02 சதவீதம், அதாவது 2.4 கிலோ. கையில இருந்த 50 கிலோவுல கிட்டத்தட்ட 5 சதவீதம் நுரையோட போச்சு. அதுக்கு பதிலா மிச்சமானது 9.8 டன் ஆசிட்டு. நுரைக்கலாமா வேண்டாமா? ஆசிட்டு விலை, யுரேனியம் விலை ரெண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கன்னு விட்டிருவேன். விலையை மாத்தினா விடையும் மாறும், கிளாஸ் ரெண்டாப் பிரிஞ்சு கத்தும், எனக்கு அது பிடிக்கும்.

இந்தக் கணக்கையும் மாமாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசா படிச்சாரு. "அந்தப் பன்னிரெண்டு டன்னை எங்க கொண்டு போய்த் தட்டுவ?"ன்னாரு. பைரைட்டு நுரைன்னா மழையில நனைஞ்சா ஆசிட்டாத்தான் வழியும். கால்சைட்டு நுரைன்னா கூட, அதுல போன யுரேனியத்தோட அதுக்க வாரிசுகளும், அதாவது யுரேனியம் சிதைஞ்சு வர்ற ரேடியம் மாதிரி ஆளுகளும், இருக்கும்னு வச்சுத்தான் அளக்கணும். யுரேனியத்தை எடுத்த பொறவும் பாறையில இருந்த கதிர்வீச்சுல 85 சதவீதம் மாதிரி கழிவுலதான் நிக்கும். ரேடியம் 226-க்கு அரை ஆயுள் 1600 வருஷம், அதைப் பெத்த தோரியம் 230-க்கு 75 ஆயிரம் வருஷம் கிட்ட. ஒரு கழிவுக் குளம் இருந்த ஆலையில இப்போ கழிவு ரெண்டு வழியா வருது, ஒண்ணு லீச்சிங், அதாவது கரைக்கற வேலை, முடிஞ்சது, இன்னொண்ணு லீச்சிங்குக்கே போவாத இந்த நுரை. ரெண்டுக்கும் தனித்தனியா எடை, தனித்தனியா அளவு, தனித்தனியா இடம் வேணும். பாதி ரிப்போர்ட்டுல "வேண்டாத தாதுக்கள் நீக்கப்படும்"னு ஒரு வரி போட்டுட்டு அடுத்த பாராவுக்குப் போயிருவாங்க, எனக்க பழைய பாடம் மாதிரியே.

கணக்குக்கு (இ)ன்னு ஒரு பிரிவு சேத்திருக்கேன், நுரை எங்க போவும், அதை யாரு காவல் பாப்பான்னு. போன வாட்டி ஒரு பிள்ளை "திரும்ப சுரங்கத்துக்குள்ளயே போடலாம் சார், ஆனா தண்ணி ஊறுற சுரங்கம்னா கூடாது"ன்னு எழுதியிருந்துது. இன்னொருத்தன் "சிமெண்டு கம்பெனிக்கு வித்திரலாம்"னு எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டு வச்சு, அந்த 0.02 சதவீதத்துக்கு அடியில செவப்பு மையில கோடு போட்டுக் குடுத்தேன். (இ)க்கு எத்தனை மார்க்கு போடுறதுன்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணல.